கோவாவில் நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷனைப் பார்க்கப் போகிறோம்: போய் வந்தவர்களின் ஆலோசனை வேண்டும்

கோபி வான்நோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கோவையின் பீளமேடு விமான நிலையத்துக்கு வந்து விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்ப்பதும், அவற்றின் பதிவெண்களைக் குறித்து வைப்பதும் பல ஆண்டுகளாக எனக்குள்ள பழக்கம். அங்கே வருபவை பெரும்பாலும் ஏர்பஸ் 320 குடும்பத்தைச் சேர்ந்தவையும் ஏடிஆர் விமானங்களும்தான். அவற்றையும் விரும்பித்தான் பார்க்கிறேன். ஆனாலும், ஜெட் காலத்துக்கு முன்பு கடல் கடந்து மக்களை ஏற்றிச் சென்ற நான்கு பிஸ்டன் இன்ஜின் விமானம் ஒன்றையாவது அருகில் நின்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது.

கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன் ஒன்று நிற்கிறது என்பதை அறிவேன். பொங்கல் முடிந்தபின் போகலாம் என்று எண்ணியிருக்கிறேன். அப்பாவும் உடன் வருகிறார். அவர் கணபதியில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமானத்தைவிட அதன் இன்ஜின் மீதுதான் அவருக்கு ஆர்வம். பதினெட்டு சிலிண்டர்களை ஒரே கிராங்க் ஷாஃப்ட்டில் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டில்) எப்படிச் சேர்த்தார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குத் தெளிவாக விளக்கத் தெரியவில்லை. அவருக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் வெயிலில் நெடுநேரம் நிற்க முடியாது.

அந்த விமானம் உண்மையிலேயே ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிப் பறந்ததுதானா, எவ்வளவு அருகில் போய்ப் பார்க்கலாம், எந்த வழியாகப் போவது நல்லது என்பதைப் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும். இவ்வளவு தொலைவு போய் நின்றுகொண்டிருக்கும் விமானத்தைப் பார்ப்பதைவிட, பறக்கும் நிலையில் உள்ள பழைய விமானம் ஒன்றுக்காகக் காத்திருப்பதே மேல் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஓடுபாதை 23 எழுதியது:

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுகிறேன். அது ஏர் இந்தியாவின் விமானமேதான். விடி-டிஎச்எம் என்ற பதிவெண்ணோடு, ‘ராணி ஆஃப் எல்லோரா’ என்ற பெயர் தாங்கிப் பறந்தது. 1049ஜி வகையைச் சேர்ந்தது. இப்போது அதன் உடலில் உள்ள ஐஎன் 315 என்பது கடற்படை கொடுத்த எண்.

இந்தக் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு இந்த விமானத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948 ஜூன் 8ஆம் நாள் இரவு மும்பையிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தன் முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கியது ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டலேஷனில்தான். அது 749 வகை. சூப்பர் கான்ஸ்டலேஷனைவிட நீளம் குறைந்தது. 1950 நவம்பர் 3ஆம் நாள் அதே விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் மீது மோதி, அதிலிருந்த 48 பேரும் உயிரிழந்தனர். அடுத்த இழப்பு 1955 ஏப்ரல் 11ஆம் நாள். இந்தோனேசியாவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டுக்குச் சீனக் குழுவினரை ஏற்றிச் சென்ற ‘காஷ்மீர் பிரின்சஸ்’ வைக்கப்பட்ட குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. சீனப் பிரதமர் சூ என்லாய் அதில் ஏறாததால் உயிர் தப்பினார். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கோவாவில் நிற்கும் விமானத்தைப் பாருங்கள். ஏர் இந்தியாவின் கான்ஸ்டலேஷன்கள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல, அந்தக் காலத்து நீண்ட பயணத்தின் ஆபத்தையும் சுமந்தவை என்பது விளங்கும்.

சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் 1954இல் ஏர் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், டோக்கியோ என்று கிழக்குத் திசையில் பாதை விரிந்தது அவற்றின் துணையால்தான். ஆனால் காலம் அவற்றுக்கு அதிக நாள் கொடுக்கவில்லை. 1960இல் போயிங் 707 வந்தது. 1962இல் ஏர் இந்தியா முழுக்க முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கும் நிறுவனமாகிவிட்டது. பல விமானங்கள் விமானப்படைக்குப் போயின. அங்கே 6ஆம் படைப்பிரிவு அவற்றைக் கடற்பரப்பைக் கண்காணிக்கப் பயன்படுத்தியது. 1976இல் அந்தப் பொறுப்பு கடற்படைக்கு மாறியபோது, விமானங்களும் கோவாவின் ஹன்சா தளத்துக்குப் போய் 312ஆம் பிரிவில் சேர்ந்தன. எண்பதுகளின் முற்பகுதியில் ஓய்வு பெற்றன. பயணியர் விமானத்தின் உடலைக் கடற்கண்காணிப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் அதோடு நிற்கவில்லை. பின்னர் வந்த இல்யூஷின் 38, இல்யூஷின் 18 என்ற பயணியர் விமானத்திலிருந்து உருவானது. இன்று கடற்படையிடம் உள்ள பி-8ஐ, போயிங் 737இன் வழியில் வந்தது. நெடுந்தொலைவு போய், நெடுநேரம் கடல்மேல் சுற்ற வேண்டிய வேலைக்குப் பயணியர் விமானம்தான் இயல்பாகவே பொருந்துகிறது.

பார்க்கும்போது முதலில் சன்னல்களைக் கவனியுங்கள். 749 வகையில் அவை வட்டமாக இருக்கும், 1049இல் செவ்வகம். பழைய படங்களில் எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. பிறகு பக்கவாட்டில் நின்று உடலின் வளைவைப் பாருங்கள். மூக்கு கீழ்நோக்கி வளைந்து, வால் மேல்நோக்கி எழும்பியிருக்கும். புரொப்பல்லர்கள் ஏறத்தாழ 15 அடி விட்டம் கொண்டவை என்பதால் விமானம் உயர்ந்த கால்கள் மேல் நிற்க வேண்டியிருந்தது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தியதால் முன்சக்கரத்தின் காலையாவது கொஞ்சம் குறைக்க முடிந்தது. அப்படியும் அந்தக் கால் நீளமாகவே இருக்கும், பார்த்தாலே தெரியும். இந்த அழகுக்கு லாக்ஹீட் பெரிய விலை கொடுத்தது: உடலின் குறுக்குச் சட்டங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் இருக்க வேண்டியிருந்ததால், நேரான குழாய் போன்ற உடலைக் கொண்ட விமானங்களைவிட இதைக் கட்டுவதற்குச் செலவு மிகுந்தது. மூன்று செங்குத்து வால்கள் வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே வாலாக இருந்தால் அது மிக உயரமாகி, அக்காலத்துக் கொட்டகைகளுக்குள் விமானம் நுழைய முடியாது.

பல்லடம் வானம் எழுதியது:

உங்கள் நண்பரின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். விமானம் என்பது பறப்பதற்காகச் செய்யப்பட்டது. இன்ஜின் ஓடும் ஒலியும், சக்கரம் தரையை விட்டு எழும் அந்த நொடியும் இல்லாமல் அதை முழுமையாக அறிந்துவிட்டதாக என்னால் சொல்ல முடியாது. நம் நாட்டில் அதற்கு வழியும் இருக்கிறது. ‘பரசுராமா’ என்ற பெயருடைய டகோட்டா (இரண்டு பிஸ்டன் இன்ஜின் கொண்ட பழைய விமானம்) ஒன்று விமானப்படையிடம் பறக்கும் நிலையில் உள்ளது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் தம் செலவில் பிரிட்டனில் அதைச் சீரமைத்து 2018இல் விமானப்படைக்கு வழங்கினார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 1947 அக்டோபர் 27ஆம் நாள் முதல் படைவீரர்களை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண்ணான விபி 905ஐ இந்த விமானத்துக்கும் இட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் நடந்த விமானச் சாகசக் காட்சியில் அது பறந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றுதான் பார்த்தேன் என்றாலும், ஜெட் விமானங்களுக்கு இடையில் அது மெதுவாக நகர்ந்து போனதை மறக்க முடியவில்லை.

அதோடு டகோட்டா நமக்கு நெருக்கமான விமானம். 1940இல் பீளமேடு விமான நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் டகோட்டா, ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப், ஆவ்ரோ ஆகியவைதான் அங்கே வந்து போயின. எண்பதுகளில் ஓடுபாதையை நீட்டும் பணிக்காக நிலையத்தை மூடி, சூலூரிலிருந்து பயணியர் விமானங்களை இயக்கி, 1987இல் மறுபடியும் திறந்த பிறகுதான் ஜெட் காலம் நம் ஊருக்கு வந்தது. ஆகவே நம் பெரியவர்கள் உண்மையில் ஏறிய விமான வகையைப் பார்க்க வேண்டுமானால் டகோட்டாவுக்குக் காத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

கணபதி லேத் எழுதியது:

பல்லடம் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கோபி நண்பருடைய அப்பாவின் கேள்வியை வைத்துப் பார்க்கும்போது என் விடை வேறு. வானத்தில் போகும் விமானத்தின் இன்ஜினை யாரும் பார்க்க முடியாது. நிற்கும் விமானத்தின் கீழே போய் நின்றால்தான் அதன் கட்டமைப்பு கண்ணுக்குப் புலப்படும். நானும் பட்டறை வேலைக்காரன் என்பதால், அப்பாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்டும்படி சற்று விரிவாக எழுதுகிறேன்.

அதில் உள்ளது ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 இன்ஜின். அந்த எண்ணே அதன் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கிறது. லிட்டரில் கணக்கிட்டால் ஏறத்தாழ 55. ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டங்களில் பதினெட்டு சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒரு சிலிண்டரின் அளவே 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓட்டிய அம்பாசிடர் காரின் முழு இன்ஜினும் 1.5 லிட்டர்தான்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிராங்க் ஷாஃப்ட்டில் பதினெட்டு வளைவுகள் கிடையாது, இரண்டே இரண்டுதான். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்று. ஒரு வட்டத்தில் உள்ள ஒன்பது பிஸ்டன்களில் ஒன்றின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) மட்டும் நேரடியாகக் கிராங்க்கைப் பிடித்திருக்கும். அதை மாஸ்டர் ராடு என்பார்கள். மற்ற எட்டு ராடுகளும் அந்த மாஸ்டர் ராட்டின் பெரிய முனையைச் சுற்றிப் பின்களால் கோக்கப்பட்டிருக்கும். ஒன்பது சிலிண்டர்களின் தள்ளுவிசையும் ஒரே பேரிங்குக்கு வந்து சேர்கிறது என்றால், அந்த மாஸ்டர் ராட்டைக் கடைந்து எடுத்தவர்களின் கைத்திறன் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதை அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டத்துக்கு எட்டு அல்லது பத்து என்று வைக்காமல் ஒற்றைப்படையில் ஒன்பது வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. இது நான்கு வீச்சு இன்ஜின்; கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 9 என்று வெடித்து முதல் சுற்று முடிய, அடுத்த சுற்றில் 2, 4, 6, 8 என்று இடைவெளி மாறாமல் தொடர்கிறது. இரட்டைப்படையில் வைத்தால் இந்தச் சீரான வரிசை கிடைக்காது.

சூப்பர் கான்ஸ்டலேஷனின் பிற்கால வகைகளில் உள்ள சிறப்பு டர்போ காம்பவுண்டு அமைப்பு. வெளியேறும் புகையில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மீட்பதற்காக ஒவ்வொரு இன்ஜினிலும் மூன்று டர்பைன்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஆறு சிலிண்டர்களின் புகை ஒரு டர்பைனுக்குப் போகும். டர்போசார்ஜர் போல இவை காற்றை அழுத்துவதில்லை. எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் இணைப்பின் மூலம், கிடைத்த திருப்புவிசையை நேராகக் கிராங்க் ஷாஃப்ட்டுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இப்படி ஏறத்தாழ 450 குதிரைத்திறன் மீட்கப்பட்டு, ஒரு இன்ஜின் 3,250 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தது. எரிபொருள் மிச்சமானதால்தான் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கடக்கும் தொலைவு அதற்கு வசப்பட்டது. இன்ஜின் கூட்டின் பக்கங்களில் அந்த டர்பைன்களின் புகைவாய்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் பறக்கும்போது அங்கே நெருப்பு நாக்கு தெரியும் என்று அக்காலப் பயணிகள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு சிக்கலுக்கு விலையும் இருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். நான்கு இன்ஜினுக்கும் சேர்த்து 144. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் பின்வரிசைச் சிலிண்டர்கள் எளிதில் சூடேறும். வழியில் ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு மூன்றோடு வந்து இறங்குவது அக்காலத்தில் அரிதான செய்தி அல்ல. அதனால்தான் விமானிகளுக்குப் பின்னால் ஃபிளைட் இன்ஜினியர் ஒருவர் தனி மேசையில் உட்கார்ந்து, அளவிகளை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டியிருந்தது. நிறுத்தி வைத்த இன்ஜினை மறுபடி ஓடவிடும் முன் புரொப்பல்லரை மெதுவாகச் சில சுற்றுகள் சுற்றிப் பார்ப்பார்கள். கீழே தலைகீழாக இருக்கும் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கியிருந்தால், அப்படியே ஓடவிடும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஜெட் வந்ததும் விமான நிறுவனங்கள் ஏன் இவ்வளவு விரைவாகப் பிஸ்டனைக் கைவிட்டன என்பதற்கு இந்த இன்ஜினை அரைமணி நேரம் பார்த்தாலே போதும், விடை கிடைத்துவிடும். மனிதர்கள் பிஸ்டன் இன்ஜினை எந்த எல்லைவரை கொண்டு போனார்கள் என்பதற்கும் அதுவேதான் சான்று. அப்பாவை அவசியம் அழைத்துப் போங்கள்.

தாராபுரத்துப் பயணி எழுதியது:

தம்பி, நானும் என் கணவரும் போய் வந்த அனுபவத்திலிருந்து பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோவையில் ரயிலேறி, ஷொர்ணூர், மங்களூரு வழியாகக் கொங்கண் பாதையில் மட்காவ் போய் இறங்குவது ஒரு வழி. சேலம், பெங்களூரு போய், அங்கிருந்து ஹூப்ளி, லோண்டா வழியாக வாஸ்கோவுக்கே போகும் ரயிலைப் பிடிப்பது இன்னொரு வழி. கோபியிலிருந்து வருகிற உங்களுக்கு ஈரோட்டில் ஏறுவது எளிது என்பதால் இரண்டாவதையும் எண்ணிப் பாருங்கள். இறங்கிய ஊரிலேயே அருங்காட்சியகம் இருப்பது பெரியவருக்கு வசதி. மட்காவிலிருந்து வாஸ்கோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பொங்கலுக்குப் பிறகு போவது நல்ல முடிவு. மழைக்காலத்தில் கொங்கண் ரயில்கள் வேகத்தைக் குறைத்து வேறு அட்டவணையில் ஓடும். விமானத்தில் போவதாக இருந்தால் கோவாவுக்கு இப்போது இரண்டு நிலையங்கள் உண்டு என்பதைக் கவனியுங்கள். 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோபா மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. அருங்காட்சியகம் டபோலிம் நிலையத்துக்குப் பக்கத்தில், போக்மாலோ போகும் சாலையில் உள்ளது. சீட்டு வாங்கும்போது டபோலிம் என்று பார்த்து வாங்குங்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. திறந்ததும் போய்விடுவது நல்லது. விமானங்கள் அனைத்தும் திறந்த வெளியில் நிற்கின்றன, பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. உங்கள் அப்பாவை முதலில் சூப்பர் கான்ஸ்டலேஷனிடம் அழைத்துப் போய்விட்டு, வெயில் ஏறியதும் மாடிக் கட்டடத்தில் உள்ள உள்ளரங்கைப் பார்க்கலாம். நடக்க வேண்டிய தொலைவு அதிகம் இல்லை. நாங்கள் போனபோது இன்ஜின் கூடுகள் மூடியே இருந்தன. ஆனால் விமானத்தைச் சுற்றி வந்து, இறக்கையின் நிழலில் நின்று, அண்ணாந்து பார்க்க முடிந்தது. அந்த இறக்கை நம் தலைக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் இருந்தது. முன்சக்கரத்துக்கு அருகில் நின்று பின்னோக்கிப் பார்த்தபோது, வரிசை வரிசையாக ரிவெட்டுகள் வளைந்து வளைந்து வால்வரை போவது தெரிந்தது. எந்த இரண்டு தகடும் ஒரே வடிவில் இல்லை. ஓடுபாதை 23 எழுதியதை வாசித்தபோதுதான் அது ஏன் என்று எனக்கு விளங்கியது. கடற்காற்றில் பல ஆண்டுகள் நின்ற விமானம் என்பதால் ஓரங்களில் அரிப்பின் அடையாளம் தெரிகிறது. பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

விமானத்தின் நீளம் ஏறத்தாழ 35 மீட்டர், இறக்கையின் அகலம் அதைவிடச் சற்று அதிகம். அகலக் கோண லென்ஸ் இல்லாமல் முழு உருவமும் ஒரே படத்தில் அடங்காது. பக்கத்திலேயே கடற்படைத் தளம் இருப்பதால் மிக்-29கே விமானங்கள் எழும் ஓசை கேட்கும்; ஆர்வத்தில் கேமராவைத் தளத்தின் பக்கம் திருப்பிவிட வேண்டாம், அங்கே படமெடுக்கத் தடை உண்டு.

கலங்கல் சாலை எழுதியது:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் சூலூரில் பிறந்து வளர்ந்தவன். கோவாவுக்குப் போகும் கொங்கு நாட்டுக்காரர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த அருங்காட்சியகம் சார்ந்துள்ள ஹன்சா கடற்படைத் தளம் கோவாவில் பிறந்தது அல்ல; சூலூரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை சூலூரில் ஒரு விமானத் தளத்தை நடத்தியது. விடுதலைக்குப் பிறகு, விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961 மார்ச்சில் நம் கடற்படையில் சேர்ந்தபோது, அதன் சீ ஹாக் ஜெட் விமானங்களுக்குக் கரையில் ஒரு தளம் தேவைப்பட்டது. அதற்குச் சூலூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1961 செப்டம்பர் 5ஆம் நாள் ‘ஐஎன்எஸ் ஹன்சா’ என்ற பெயரில் சூலூரில் அது முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. சீ ஹாக், வேம்பயர் ஆகிய ஜெட் விமானங்கள் நம் பருத்திக் காடுகளுக்கும் சோளக் காடுகளுக்கும் மேலே பறந்து பயிற்சி செய்தன. அந்த டிசம்பரில் கோவா விடுதலை அடைந்தது; 1962 ஏப்ரலில் டபோலிம் தளம் கடற்படையின் கைக்கு வந்தது; 1964 ஜூனில் ஹன்சா அங்கே குடிபெயர்ந்தது. கடலுக்குப் பக்கத்தில் ஓடுபாதை கிடைத்த பிறகு, கடலே இல்லாத கோவை மாவட்டத்தில் கடற்படை விமானங்களை வைத்திருக்கத் தேவை இல்லாமல் போயிற்று என்பது இயல்பே. அந்தச் சூலூரில்தான் இன்று தேஜஸ் விமானங்களும் சாரங் ஹெலிகாப்டர் குழுவும் இருக்கின்றன.

ஆகவே சூப்பர் கான்ஸ்டலேஷனைப் பார்த்து முடித்ததும், அதே வளாகத்தில் நிற்கும் சீ ஹாக்கையும் வேம்பயரையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம். இரண்டும் சூலூரின் வானத்தில் பறந்த வகைகள். என் தந்தையார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிக்கு இப்பால் நின்று சீ ஹாக் இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்; அதன் சிறிய உருவத்தை நேரில் பார்த்தபோதுதான் அவர் சொன்ன வியப்பின் அளவு எனக்குப் புரிந்தது. இன்னொரு அரிய பொருளும் அங்கே இருக்கிறது. ஷார்ட் சீலேண்ட் என்ற நீரிலும் தரையிலும் இறங்கும் விமானம் அது. மொத்தமே ஏறத்தாழ இருபத்தைந்துதான் செய்யப்பட்டன, உலகில் எஞ்சியிருப்பவை மிகச் சில. பலர் சூப்பர் கான்ஸ்டலேஷனின் பெரிய உருவத்தில் மயங்கி இதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

கோபி வான்நோக்கி எழுதியது:

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. கணபதி அண்ணா எழுதியதை நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாஸ்டர் ராடு பற்றிய பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பிறகு நோட்டை எடுத்து வட்டம் வரைந்து, ஒன்பது ராடுகளையும் கோத்துப் பார்த்தார். மாஸ்டர் ராடு நீங்கலாக மற்ற எட்டின் பின்களும் கிராங்க் பின்னின் மையத்திலிருந்து விலகி இருப்பதால், அந்தப் பிஸ்டன்களின் வீச்சு ஒன்றுக்கொன்று சிறிதளவு வேறுபடுமே, அப்போது வெடிக்கும் நேரத்தை எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேட்கிறார். இதற்கு விடை தெரிந்தால் சொல்லுங்கள். பெங்களூரு வழியாக வாஸ்கோ போவதென்று முடிவு செய்துவிட்டோம்; செவ்வாய்க்கிழமை காலையில் அருங்காட்சியகத்துக்குப் போகும்படி சீட்டு எடுக்கப் போகிறேன். பல்லடம் நண்பர் சொன்ன டகோட்டாவையும் விட மனமில்லை. அதை எங்கே, எப்போது பார்க்கலாம்?

கணபதி லேத் எழுதியது:

உங்கள் அப்பாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. அவருடைய கணக்கு தவறவில்லை. துணை ராடுகளின் பின்கள் வட்டப் பாதையில் போவதில்லை, ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட நீள்வட்டத்தில் போகின்றன. அதனால் பிஸ்டன் உச்சியை அடையும் நேரமும் சிலிண்டருக்குச் சிலிண்டர் சிறிது மாறும். பெரிய ரேடியல் இன்ஜின்கள் சிலவற்றில் இதற்காக, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கேம் சக்கரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய மேட்டைச் சமமான இடைவெளியில் வைக்காமல், அந்தந்தச் சிலிண்டரின் வேறுபாட்டுக்கு ஏற்ப முன்பின்னாகக் கடைந்திருப்பார்கள். அந்த மேக்னெட்டோவை வேறு வகை இன்ஜினுக்கு மாற்றிப் பொருத்த முடியாது. அவருக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

ஓடுபாதை 23 எழுதியது:

டகோட்டா விமானப்படையின் பாரம்பரிய விமானங்களில் ஒன்று. பொதுமக்கள் போய்ப் பார்க்கும் இடத்தில் அது நிறுத்தப்பட்டிருக்கவில்லை. விமானப்படை நாளான அக்டோபர் 8ஐ ஒட்டி நடக்கும் காட்சிகளில்தான் பெரும்பாலும் பறக்கிறது. அந்தக் காட்சி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊருக்குப் போவதால், செப்டம்பரில் வரும் அறிவிப்பைப் பார்த்துத்தான் திட்டமிட முடியும். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை. டகோட்டா வகையில் படைக்காகச் செய்யப்பட்டவை மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல். இன்றும் உலகில் பல பறக்கின்றன. கான்ஸ்டலேஷன் குடும்பத்தில் எல்லா வகையும் சேர்த்து 856தான் கட்டப்பட்டன. பறக்கும் நிலையில் உள்ளவை கைவிரலில் எண்ணத்தக்கவை. ஈரோட்டில் ஏறி மறுநாளோ அதற்கு மறுநாளோ போய்ச் சேரும் தொலைவில் ஒன்று நமக்கு இருக்கிறது என்பதால், முதலில் கோவா, பிறகு டகோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் வந்ததும் வால்பகுதியின் படங்களை இங்கே இடுங்கள். மூன்று வால்களும் ஒன்றையொன்று மறைக்காமல் தெரிய, பின்பக்கம் சற்று ஓரமாக நின்று எடுங்கள்.